நோர்வே மேப்பிள்: வெட்டுவதா, விடுவதா?

(தோட்டம் - வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் ரொறன்ரோவின் தெருவோர மரங்கள் பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மரத்தைச் சுற்றியே இருந்ததால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் வீட்டு முன் நிற்பது சுகர் மேப்பிள் என்று வீட்டை விற்றவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அது நோர்வே மேப்பிள் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
- சி. ப., ஸ்காபரோ

ப: மரத்தில் பச்சையாக இருக்கும் இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி, காம்பின் அடியை விரலால் அழுத்துங்கள். எருக்கலம்பால் போல வெள்ளையாகக் கசிந்தால் நோர்வே மேப்பிள். சுகர் மேப்பிளில் வருவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். இலை பழுத்த பிறகு பால் குறைந்துவிடும், அப்போது பார்த்து ஏமாற வேண்டாம். ஹெட்ஜ் மேப்பிளிலும் பால் உண்டு. ஆனால் அதன் இலை சிறியது, மடல்களின் நுனி மழுங்கியிருக்கும். நோர்வே மேப்பிளின் இலை உள்ளங்கையை மூடும் அளவு அகலம், மடல் நுனிகள் ஊசிபோல நீண்டிருக்கும்.

இலை இல்லாத மாதங்களில் மொட்டைப் பாருங்கள். கிளை நுனியில் இருக்கும் மொட்டு பருத்து, மழுங்கி, பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்திருந்தால் நோர்வே. ஒல்லியாக, கூராக, மண்ணிறச் செதில்கள் பல அடுக்காக மூடியிருந்தால் சுகர். பட்டையும் காட்டிக் கொடுக்கும்: முதிர்ந்த நோர்வே மேப்பிளின் பட்டையில் நெருக்கமான வரிகள் வலைப்பின்னல் போல ஓடும், பிடித்து இழுத்தால் உரியாது. வயதான சுகர் மேப்பிளில் பட்டை பாளம் பாளமாக ஓரம் கிளம்பி நிற்கும்.

காய் கிடைத்தால் இன்னும் சுலபம். பிள்ளைகள் "ஹெலிகொப்டர்" என்று சுழற்றி விளையாடும் அந்த இரட்டைச் சிறகுக் காய், நோர்வே மேப்பிளில் இரு சிறகும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விரிந்திருக்கும். சுகர் மேப்பிளில் சிறகுகள் குதிரை லாட வடிவில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஒரு கூடுதல் குறிப்பு: உங்கள் பீலியை யூன் மாதத்திலேயே காய்கள் அடைக்கின்றன என்றால் அது அநேகமாக சில்வர் மேப்பிள். நோர்வே மேப்பிளின் காய் விழுவது இலையுதிர் காலத்தில்.

இலையின் நிறத்தையும் கவனியுங்கள். ஒக்ரோபர் நடுப்பகுதியில் மற்ற மேப்பிள்கள் சிவந்து உதிர்ந்துகொண்டிருக்கும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும். மாதக் கடைசியில் மஞ்சளாகி, நவம்பரில்தான் கொட்டும். மாநகரசபையின் இலை அள்ளும் நாள் தவறிப்போகும் வீடுகளில் பலவற்றின் முன் நிற்பது இந்த மரம்தான்.

கே: இந்த மரம் கனடாவுக்கு எப்படி வந்தது? எங்கெல்லாம் பரவியிருக்கிறது?
- த. ர., மிசிசாகா

ப: பிறப்பிடம் ஐரோப்பாவும் மேற்காசியாவின் ஒரு பகுதியும். தெற்கு ஸ்கண்டிநேவியாவில் தொடங்கி கோக்கேசஸ் மலை, வட ஈரான் வரை இயற்கையாக வளர்கிறது. வட அமெரிக்காவுக்கு 1756 இல், பிலடெல்பியாவில் நாற்றுப்பண்ணை நடத்திய ஜோன் பார்ட்ரம் லண்டனிலிருந்து தருவித்தார் என்பதே பதிவு. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் அது பணக்காரர் தோட்டங்களில் ஆங்காங்கே நின்ற அழகு மரம்தான்.

நிலைமையை மாற்றியது எல்ம் மரத்துக்கு வந்த நோய். டச்சு எல்ம் நோய் அமெரிக்காவில் 1930 இலும் கியூபெக்கில் 1944 இலும் கண்டறியப்பட்டது. வீதிகளுக்குப் பந்தல் போட்டதுபோல நின்ற எல்ம் மரங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் வரிசையாகச் செத்தன. அந்த வெற்றிடத்தில் நட நகரசபைகளுக்கு ஒரு மரம் அவசரமாகத் தேவைப்பட்டது. களிமண்ணோ, வீதி உப்போ, புகையோ, இறுகிய நிலமோ எதையும் பொருட்படுத்தாது, நாற்றங்காலில் நேராக வளரும், பிடுங்கி நட்டால் சாகாது. நோர்வே மேப்பிளைவிட வசதியான மரம் அன்று இருக்கவில்லை. போருக்குப் பின் எழுந்த புறநகர்களில், நம்மவர்கள் பலர் இன்று குடியிருக்கும் ஸ்காபரோவின் பழைய தெருக்கள் உட்பட, அது வரிசை வரிசையாக நடப்பட்டது.

ஒரே இனத்தை நம்பி எல்ம் மரங்களை இழந்தவர்கள் மறுபடியும் ஒரே இனத்தை நம்பினார்கள். 2003 இல் ரொறன்ரோ-வோன் எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு பிடிபட்டபோது அந்தத் தவறின் அபாயம் தெரிந்தது. மேப்பிள்தான் அந்த வண்டுக்கு விருப்பமான உணவு. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித்தான் அதை ஒழித்தார்கள்.

தெருவில் நின்றவரை தொல்லை இல்லை. ஆனால் விதை காட்டுக்குள் போனது. இன்று வடகிழக்கு அமெரிக்க மாநிலங்கள், தென் ஒன்ராறியோ, தென் கியூபெக், கடலோர மாகாணங்கள் எங்கும் காட்டு ஓரங்களில் தானாக முளைத்து நிற்கிறது. மேற்கே வாஷிங்டன், ஐடகோ, மொன்டானாவிலும் உண்டு. மொன்டானாவின் மிசூலா நகரில் ராட்டில்ஸ்நேக் ஓடைக் கரைகளை அது பிடித்திருப்பது ஆய்வாளர்கள் விரிவாக எழுதிய விடயம். மொன்றியலில் மொன்-றோயல் மலைக் காட்டுக்குள் சுகர் மேப்பிளோடு மல்லுக்கு நிற்கிறது. ரொறன்ரோவில் 'ரவீன்' என்று நாம் சொல்லும் பள்ளத்தாக்குகளில், ரோஸ்டேல் பகுதியில் 1977 இல் தாவரக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே இடங்களைத் திரும்பிப் பார்த்தபோது நோர்வே மேப்பிளின் பங்கு பெரிதும் கூடியிருந்தது.

அது வெல்வதற்குக் காரணம் நிழல். அதன் கன்று கடும் நிழலிலும் சாகாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்த உடனே எழும்பும். வளர்ந்த பிறகு அதன் நிழலில் வேறெதுவும் பிழைக்காது. வசந்தத்தில் முந்தி இலைவிடுவதால், மற்ற மரங்கள் வெறுமையாக இருக்கும் அந்த இடைவெளியில் கிடைக்கும் வெயிலை நம்பி வாழும் ட்ரில்லியம் போன்ற காட்டுப் பூக்களுக்கும் வழி அடைபட்டுப் போகிறது. ஐரோப்பாவில் அதன் இலையைத் தின்னும் பூச்சிகளில் பல இங்கே இல்லை என்பதும் அதற்குச் சாதகம். வேரிலிருந்து நஞ்சு கக்கி மற்றச் செடிகளைக் கொல்கிறது என்று சிலர் எழுதுவதற்கு வலுவான சான்று கிடையாது. நிழலும், மேல்மண்ணை நெருக்கிப் பிடிக்கும் வேரும் போதும்.

கே: ஒஸ்லோவில் இருக்கும் என் தம்பி, "இது எங்கட ஊர் மரம், இதுக்கு ஏன் இவ்வளவு பகை?" என்று கேட்கிறான். அங்கே தொல்லை இல்லையா?
- வ. கு., அஜாக்ஸ்

ப: தம்பி சொல்வது சரி. தென்கிழக்கு நோர்வேயில் அது மண்ணுக்குச் சொந்தமான மரம். அதைத் தின்னும் பூச்சியும் தாக்கும் பூஞ்சையும் அதோடு சேர்ந்தே வளர்ந்தவை. அங்கே தலையிடி தருவது இன்னொரு மேப்பிள்: மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த சிக்கமோர் மேப்பிள். அதை நோர்வேயின் அந்நிய இனப் பட்டியல் மிக உயர்ந்த அபாயப் பிரிவில் வைத்திருக்கிறது. அதன் இலை ஓரம் ரம்பப்பல் போலிருக்கும், காம்பில் பால் வராது, பூங்கொத்து கீழே தொங்கும். நோர்வே மேப்பிளின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: நம் மனிற்றோபா மேப்பிள் ஐரோப்பாவுக்குப் போய் ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. கணக்கு இரு பக்கமும் உண்டு.

கே: ஓகஸ்டில் இலை முழுக்கத் தார் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். மரம் செத்துவிடுமா? மருந்து அடிக்கலாமா?
- ந. யோ., பிராம்ப்டன்

ப: சாகாது, அடிக்க வேண்டாம். இது தார்ப்புள்ளி என்னும் பூஞ்சை நோய். யூனில் வெளிர்மஞ்சள் வட்டமாகத் தொடங்கி, ஓகஸ்டில் ஒரு சதக் காசளவு தடித்த கறுப்புப் பொட்டாகும். வளர்ந்த மரத்துக்கு அழகு கெடுவதும், சில ஆண்டுகளில் இலை கொஞ்சம் முந்தி உதிர்வதும்தான் நட்டம்.

பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது கீழே விழுந்த இலையில். வசந்தத்தில் அந்தக் கறுப்புப் பொட்டு வெடித்து, ஒட்டும் தன்மையுள்ள வித்துகள் காற்றில் ஏறி இளம் இலையில் படியும். ஆகவே செய்ய வேண்டியது நவம்பரில் இலையை முழுவதும் கூட்டி, கடதாசிப் பையில் கட்டி மாநகரசபை வண்டிக்குக் கொடுப்பதுதான். வீட்டு மூலையில் குவித்து உரமாக்கும் குவியல் போதிய சூடு ஏறாது. அதில் போட்டால் அடுத்த ஆண்டுக்கான வித்தை நீங்களே சேமித்து வைப்பதாகும். அயலவர் கூட்டாவிட்டால் உங்கள் மரத்திலும் புள்ளி வரத்தான் செய்யும். மனம் உடைய வேண்டாம்.

கே: ஒவ்வொரு வசந்தத்திலும் பின்வளவு முழுக்கக் கன்று முளைக்கிறது. வேலியோரம் சில விரல் தடிப்பாகிவிட்டன. வெட்டினால் நாலாகத் துளிர்க்கின்றன. என்ன வழி?
- ம. செ., ஸ்காபரோ

ப: முதல் ஆண்டுக் கன்றைக் கையாலேயே பிடுங்கலாம். மழை பெய்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, தண்டின் அடியைப் பிடித்து நேர் மேலே மெல்ல இழுங்கள். சடாரென்று இழுத்தால் கழுத்தில் முறியும்; வேர்க்கழுத்து மண்ணுக்குள் நின்றால் மறுபடி துளிர்க்கும். முளைத்தவுடன் தெரிவது நாடா போன்ற இரண்டு விதையிலைகள், அதன்மேல் எதிரெதிராக இரண்டு இலைகள். மே மாதமே பிடுங்குவது ஐந்து நிமிட வேலை; மூன்று ஆண்டு விட்டால் மண்வெட்டி வேண்டும்.

விரல் தடிப்புக் கன்றுக்குச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணைக் கிளறி, பக்க வேர்களைக் கத்தரித்துவிட்டு நெம்புங்கள். கன்று நெம்புகோல் என்று தனிக் கருவியே உண்டு. அடித்தண்டைக் கவ்விப் பிடித்து வேரோடு தூக்கும். வேலிக் கம்பியோடு பின்னி வளர்ந்ததைப் பிடுங்க முடியாது. அதை நிலமட்டத்தில் வாளால் அறுத்து, துளிர் முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் திரும்ப அறுக்க வேண்டும். யூன் கடைசி, யூலையில் அறுப்பதே நல்லது, ஏனெனில் வேரில் சேர்த்த மாச்சத்தை மரம் இலை விடச் செலவழித்துவிட்டு, இன்னும் திரும்பச் சேர்க்காத நேரம் அது. இரண்டு மூன்று கோடை விடாமல் செய்தால் அடங்கும். ஒரு கோடை விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

களைகொல்லி பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காகக் களைகொல்லி பயன்படுத்துவதை ஒன்ராறியோ 2009 முதல் தடைசெய்திருக்கிறது. நஞ்சு ஐவி போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு, மேப்பிள் கன்றுக்கு இல்லை. தடை இல்லாத அமெரிக்க மாநில வாசகர்களுக்கு: வெட்டிய சில நிமிடங்களுக்குள் அடிமரத்தின் ஓர வளையத்தில், பட்டைக்கு உட்புறமாகப் பூசினால்தான் பயன், நடுவில் ஊற்றுவது வீண். அளவு புட்டியில் எழுதியபடி. மார்ச், ஏப்ரலில் செய்யாதீர்கள். அப்போது சாறு மேலே பாய்ந்து மருந்தைத் தள்ளிவிடும். கோடை முடிவே உகந்தது.

செப்பாணி அடிப்பது, உப்புக் கொட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. ஆணிக்கு மரம் சாகாது. உப்புக்குச் சாவது நீங்கள் பக்கத்தில் வைத்த ரோஜா.

கே: இது அந்நிய மரம் என்று மாநகரசபையே சொல்கிறது. அப்படியானால் அனுமதி இல்லாமல் வெட்டலாம்தானே?
- இ. தே., நோர்த் யோர்க்

ப: வெட்ட முடியாது. ரொறன்ரோவில் தனியார் நிலத்தில் நிற்கும் மரம், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது விட்டம் 30 செ.மீ. அல்லது கூட இருந்தால், எந்த இனமானாலும் வெட்டவும் காயப்படுத்தவும் அனுமதி வேண்டும். தையல் நாடாவால் அந்த உயரத்தில் சுற்றளவு எடுங்கள், 94 செ.மீ. வந்தால் 30 செ.மீ. விட்டம் என்று பொருள். மார்க்கம் நகரில் இந்த எல்லை 20 செ.மீ. விட்டம், அதாவது சுமார் 63 செ.மீ. சுற்றளவு. ரவீன் பாதுகாப்பு எல்லைக்குள் உங்கள் வளவு வந்தால் சிறு மரத்துக்கும் அனுமதி வேண்டும். பட்டையை வளையமாகச் சீவிச் சாகவிடுவதும் காயப்படுத்தல் கணக்கில்தான் வரும்.

வீட்டு முன் புல்தரையில் நிற்கும் மரம் பெரும்பாலும் உங்களுடையதே அல்ல, வீதி ஒதுக்கு நிலத்தில் நிற்கும் மாநகரசபை மரம். கிளை வெட்டக்கூட மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். வேலி எல்லையில் அடிமரம் நின்றால் அது இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து என்கிறது ஒன்ராறியோவின் வனச் சட்டம். அயலவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் கை வைக்கக் கூடாது.

எங்கள் கருத்து: தெருவில், நாற்புறமும் புல்தரையும் தாரும் இருக்கும் இடத்தில் நலமாக நிற்கும் பெரிய நோர்வே மேப்பிளை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. யூலை வெயிலில் வீட்டுக்குக் குளிர்ச்சி தருகிறது. அதன் காலம் முடிந்த பிறகு வேறு மரம் நடலாம். ஆனால் உங்கள் பின்வேலிக்கு அப்பால் ரவீன் என்றால் கதை வேறு. விதைகளில் பெரும்பாலானவை தாய்மரத்திலிருந்து சில பத்து மீற்றருக்குள்தான் விழும். அந்தத் தூரத்துக்குள் காடு இருந்தால் அனுமதி எடுத்து அகற்றுவதே நியாயம்.

கே: பின்வளவு மேப்பிளுக்குப் பக்கத்தில் மூன்று ஆண்டாகக் கத்தரி வைக்கிறேன். பூ வரும் நேரம் வாடிவிடுகிறது. தண்ணீர் குறைவில்லை.
- கு. ச., மார்க்கம்

ப: இரண்டு காரணங்களில் ஒன்று, அல்லது இரண்டும்.

முதலாவது வேர். நோர்வே மேப்பிளின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில், கிளைப்பரப்பையும் தாண்டி ஓடும். நீங்கள் கத்தரிக்கு ஊற்றும் தண்ணீரும் எருவும் மரத்துக்கே போகும். மண் நிரப்பிய உயர்பாத்தி கட்டினாலும் ஓரிரு ஆண்டில் வேர் கீழிருந்து ஏறிவிடும். மண்ணில் வைத்த சாடிகளின் அடித்துளைக்குள்ளும் நுழையும்! 20 லீட்டருக்குக் குறையாத சாடியில், அடியில் செங்கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி, ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது வேர்ட்டிசிலியம் வாடல் நோய். மேப்பிளுக்கும் கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்குக்கும் வருவது இதே மண் பூஞ்சை. கத்தரியில் அடி இலைகள் முதலில், பெரும்பாலும் இலையின் ஒரு பாதி மட்டும், ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சளாகும். பகலில் தொய்ந்து இரவில் நிமிரும், பிறகு நிமிராது. செடியைப் பிடுங்கி அடித்தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். பட்டைக்கு உள்ளே மண்ணிற வளையம் தெரிந்தால் அதுதான். மரத்தையும் பாருங்கள்: கோடை நடுவில் ஒரு பக்கத்துக் கிளை மட்டும் திடீரென்று வாடியிருக்கிறதா? அந்தக் கிளையை வெட்டினால் மரக்கட்டையில் கரும்பச்சைக் கோடுகள் ஓடும்.

மருந்து கிடையாது. பூஞ்சை பத்தாண்டுக்கும் மேல் மண்ணில் உறங்கும். அந்தப் பாத்தியில் கத்தரிக் குடும்பத்தை நிறுத்திவிட்டு சோளம், போஞ்சி, வெங்காயம், கரட் வையுங்கள். இவற்றை அது தீண்டாது. நோய்ப்பட்ட மரத்தை அரைத்த மரத்தூளை மூடாக்காகப் பரப்பாதீர்கள், இலவசமாகக் கிடைத்தாலும். கத்தரிதான் வேண்டும் என்பவர்கள் சுண்டங்காய் அடித்தண்டில் ஒட்டிய கன்று தேடலாம். சுண்டங்காய் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

கே: நோர்வே மேப்பிளில் சாறு இறக்கிச் சிரப் காய்ச்சலாமா?
- பா. ஜெ., கிச்சினர்

ப: காய்ச்சலாம், நஞ்சில்லை. மார்ச் மாதச் சாறு தெளிவாகவே வரும், இலைப்பால் அதில் கலப்பதில்லை. ஆனால் இனிப்புக் குறைவு. நல்ல சுகர் மேப்பிளிலேயே ஒரு லீட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லீட்டர் சாறு வற்ற வேண்டும். இதற்கு அதைவிடக் கூட. அடுப்புக் காசுக்குக் கடையில் ஒரு புட்டி வாங்கிவிடலாம்.

கே: 20 டொலர்த் தாளில் இருப்பது நோர்வே மேப்பிள் இலை என்கிறார்களே, உண்மையா?
- ர. வி., ஒட்டாவா

ப: 2012 இல் வந்த பிளாஸ்ரிக் தாளைப் பார்த்துத் தாவரவியலாளர் ஒருவர் 2013 தொடக்கத்தில் அப்படிச் சொன்னார், பெரிய பேச்சாகியது. பல கனடிய மேப்பிள்களைக் கலந்து வரைந்த கற்பனை இலை அது என்று கனடா வங்கி பதில் சொன்னது. தாளை எடுத்துப் பாருங்கள். மடல் எண்ணிக்கையும் நுனிகளும் நோர்வேப் பக்கம்தான் சாய்கின்றன.

கே: கருஞ்சிவப்பு இலையுள்ள 'கிரிம்சன் கிங்' வாங்க ஆசை. இதுவும் அதே மரமா? வேண்டாம் என்றால் எதை நடலாம்?
- அ. மா., விற்பி

ப: அதே மரத்தின் சாகுபடி வகை. அதன் விதையும் முளைக்கும். முளைப்பவற்றில் பல பச்சை இலையோடு வருவதால் யாரும் சந்தேகிப்பதில்லை. மாசசூசெட்சில் 2009 முதலும் மெயினில் 2018 முதலும் நோர்வே மேப்பிள் விற்கத் தடை. நியூ ஹாம்ப்ஷியரிலும் தடை. ஒன்ராறியோவில் தடை இல்லை, ஆனால் வாங்காதீர்கள்.

பெரிய வளவுக்கு பர் ஓக் அல்லது ஹக்பெரி. இரண்டும் நம் களிமண்ணைத் தாங்கும். சிறிய வளவுக்கு சேர்விஸ்பெரி: ஏப்ரல் கடைசியில் வெள்ளைப் பூ, யூனில் தின்னக்கூடிய பழம், ஒக்ரோபரில் சிவந்த இலை. சுகர் மேப்பிள் வேண்டுமென்றால் வீதி உப்புப் படாத, மண் இறுகாத பின்வளவில் மட்டும். ரெட் மேப்பிள் சுண்ணாம்புத்தன்மையுள்ள மண்ணில் இலை மஞ்சளித்துத் தவிக்கும்.

குழி வேர்ப்பந்தின் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு, ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் உயரமே. அடிமரம் விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சாடியில் சுருண்டிருக்கும் வேர்களை வெட்டி விரித்து நடுங்கள். இல்லாவிட்டால் பதினைந்து இருபது ஆண்டில் அந்த வேரே அடிமரத்தை நெரிக்கும். தெருவோர நோர்வே மேப்பிள்கள் பல ஒரு பக்கம் காய்ந்து நிற்பதற்கு இதுவும் காரணம். மரத்தூள் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் ஒருமுறை ஆழமாக நனையத் தண்ணீர் வேண்டும்.